விலையேற்றத்தை அடக்கக் கொடுத்த விலை



2023ஆம் ஆண்டின் கடைசிப் பகுதியில் வன்னியில் மீள்குடியேறிய ஒரு கிராமத்தின் சேமிப்புக் குழுக் கூட்டத்தில் நாம் அமர்ந்திருந்தோம். கூட்டம் முடியும் தறுவாயில் பின் வரிசையில் இருந்த ஒரு தாய் எழுந்து கேட்டார்: “பணவீக்கம் எழுபதில இருந்து ஒண்டுக்கு வந்திட்டுதெண்டு ரேடியோவில சொல்லினம். அப்ப ஏன் சங்கக்கடையில ஒரு சாமான்ர விலையும் குறையேல்லை? எங்கட மனுசனுக்கு மேசன் வேலையும் இல்லாமப் போச்சு. குறைஞ்சது எது?”

கூட்டத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அன்று நாம் சொன்ன விடை அவருக்கும் போதவில்லை, எமக்கும் போதவில்லை. பொருளியல் அறிஞர்கள் பல பத்தாண்டுகளாக விவாதித்து வரும் ஒரு வினாவைத்தான் அந்தத் தாய் தம் மொழியில் கேட்டிருந்தார். விலையேற்றத்தை அடக்குவதற்கு ஒரு நாடு எவ்வளவு உற்பத்தியை இழக்கிறது? அந்த இழப்பு யாருடைய தலையில் விழுகிறது? இம்முறை பாடத்தில் இதனைப் படிப்படியாகப் பார்ப்போம். குழுவாக இருந்து வாசிப்பவர்கள் ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நிறுத்திப் பேசிக்கொள்ளலாம்.

1. பணவீக்கம் என்பது ஒரு வேகம்

பணவீக்கம் என்றால் விலை அல்ல; விலை ஏறுகின்ற வேகம். இதனை மறந்தால் மீதி எல்லாம் குழம்பிவிடும்.

மேட்டில் ஏறுகின்ற லொறி ஒன்றை எண்ணிப் பாருங்கள். சாரதி வேகத்தைக் குறைக்கிறார். லொறி மெதுவாகப் போகிறது. ஆனால் அது பின்னோக்கி இறங்கவில்லை. ஏறிய மேட்டிலேயே நிற்கிறது.

கணக்காகப் பார்ப்போம். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்ரெம்பரில் பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதம். அதாவது 2021 செப்ரெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய சாமான்கள் ஒரு வருடத்தில் 170 ரூபாவாயின. 2023 செப்ரெம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதம். அதாவது அந்த 170 ரூபா சாமான் 172 ரூபாவாயிற்று. அது மீண்டும் 100 ரூபாவுக்குத் திரும்பவில்லை. வானொலி சொன்னதும் உண்மை. அந்தத் தாய் சங்கக்கடையில் கண்டதும் உண்மை.

பின்னர் 2024 செப்ரெம்பர் முதல் 2025 யூலை வரை இந்தச் சுட்டெண் முந்திய ஆண்டின் அளவுக்குச் சற்றுக் கீழேயும் இறங்கியது. மின்கட்டணமும் எரிபொருள் விலையும் குறைக்கப்பட்டமை அதற்கு முக்கிய காரணம். ஆனால் அது ஏறிய மேட்டோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய இறக்கமே.

2. விலை ஏன் அப்படி ஏறியது?

ஒரே காரணத்தைச் சொல்லி முடித்துவிட முடியாது. 2019ஆம் ஆண்டின் இறுதியில் வரிகள் பெருமளவில் குறைக்கப்பட்டன. அரசாங்கத்தின் வருமானம் சுருங்கியது. 2020இல் கொவிட் நோய் வந்து சுற்றுலாத்துறை நின்றது. செலவுக்கும் வரவுக்கும் இடையிலான பள்ளத்தை நிரப்ப அரசாங்கம் திறைசேரி உண்டியல்களை வெளியிட்டது; அவற்றை மத்திய வங்கி புதிதாக உருவாக்கிய பணத்தைக் கொண்டு வாங்கியது. இதனைத்தான் மக்கள் “காசு அச்சடித்தல்” என்கிறார்கள். 2022 முடியும்போது மத்திய வங்கியின் கையில் இவ்வாறு சேர்ந்திருந்த அரசாங்கக் கடன் பத்திரங்கள் 2,000 பில்லியன் ரூபாவுக்கும் அதிகம்.

பணம் பெருகியது, பொருள் பெருகவில்லை. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டபோது பொருள் மேலும் குறைந்தது. அதனை எமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தக் காலபோகத்தில் வயலில் நின்றவர்கள் நீங்கள். 2022 மார்ச்சில் ரூபாவின் பெறுமதியைப் பிடித்து வைத்திருந்த கை விடப்பட்டது. ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர் இரண்டு மாதங்களுக்குள் 350 ரூபாவைத் தாண்டியது. டீசல், மண்ணெண்ணெய், கோதுமை மா, பருப்பு, கிருமிநாசினி என்று கடல் கடந்து வருவன எல்லாம் ஏறின. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது.

3. துருசை மூடுதல்

இந்த நிலையில் 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. வர்த்தக வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வீதம் 7.5 இலிருந்து 14.5 ஆயிற்று. 2023 மார்ச்சில் அது 16.5 வரை போனது. அந்த வருட யூன் மாதத்திலிருந்துதான் இறங்கத் தொடங்கியது.

வட்டி வீதத்துக்கும் விலைக்கும் என்ன தொடர்பு? குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பணம் தண்ணீர். கடன் வாய்க்கால். வட்டி வீதம் துருசு. வட்டியை உயர்த்தினால் துருசு மூடப்படுகிறது. கடன் வாங்குபவர் குறைவர். கடன் வாங்காதவர் வீடு கட்டமாட்டார், வாகனம் வாங்கமாட்டார், கடைக்குப் புதுச் சரக்கு எடுக்கமாட்டார். வாங்குபவர் குறைய, விற்பவர் விலையை ஏற்றத் தயங்குவார். இப்படித்தான் விலையின் வேகம் தணிகிறது.

ஆனால் மத்திய வங்கியின் வீதம் 15 என்றால் மக்களுக்கு 15 அல்ல. 2022இன் இறுதியில் அரசாங்கமே மூன்று மாதக் கடனுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுத்தது. வங்கிகளின் மிகச் சிறந்த வாடிக்கையாளர்களான பெரிய நிறுவனங்களுக்கே 25 சதவீதத்துக்கு மேல் போனது. காணி உறுதி இல்லாத, அனுமதிப்பத்திரம் மட்டுமே உள்ள, அல்லது அதுவும் இடப்பெயர்வில் தொலைந்துபோன ஒரு குடும்பத்துக்கு எந்த வீதத்தில் கடன் கிடைத்திருக்கும் என்பதை நீங்களே அறிவீர்கள். வாய்க்காலின் தலைப்பில் உள்ள வயலுக்கும் கடைசியில் உள்ள வயலுக்கும் துருசு ஒரே நேரத்தில்தான் மூடப்படுகிறது. முதலில் வெடிப்பது கடைசி வயல்.

4. விலை மட்டும் இறங்காமல் வேலையும் ஏன் குறைகிறது?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். பணம் குறைந்தால் எல்லா விலைகளும் உடனே நின்றுவிட வேண்டியதுதானே? வேலையும் விளைச்சலும் ஏன் குறைய வேண்டும்?

காரணம், மனிதர்கள் விலையை முன்கூட்டியே நிர்ணயிக்கிறார்கள். உழவு இயந்திரம் வைத்திருப்பவர் அடுத்த மாதம் டீசல் ஏறும் என்று எதிர்பார்த்து இன்றே ஏக்கருக்குக் கூட்டிச் சொல்கிறார். கடைக்காரர் அடுத்த லொறிச் சரக்கு என்ன விலைக்கு வருமோ என்று எண்ணி இருப்பில் உள்ளதையும் ஏற்றி விற்கிறார். கூலிக்குப் போகிறவர் அரிசி விலையைப் பார்த்துக் கூட்டிக் கேட்கிறார். எல்லாரும் மற்றவர் ஏற்றுவார் என்று நம்பி ஏற்றுகிறார்கள். இந்த எதிர்பார்ப்பு ஒரு சட்டத்தாலோ ஓர் அறிவித்தலாலோ ஒரே நாளில் மாறாது. ஆகவே பணத்தை இறுக்கும்போது முதலில் நிற்பது விலை அல்ல, விற்பனை. விற்பனை நின்று, சரக்கு தேங்கி, ஆட்களை நிறுத்திய பின்னர்தான் விலையை ஏற்றுபவர் கையை இழுத்துக்கொள்கிறார்.

ஒரு சங்கிலியைப் பார்ப்போம். நகரத்தில் ஒருவர் வீடு கட்ட எண்ணியிருந்தார். வட்டியைக் கேட்டுவிட்டு விட்டுவிட்டார். மேசனுக்கு வேலை இல்லை. அவருடன் போகும் கையாளுக்கும் இல்லை. அந்த இரு வீடுகளிலும் மீனும் மரக்கறியும் வாங்குவது குறைந்தது. சந்தையில் கத்தரிக்காய் தேங்கியது. தோட்டக்காரருக்கு விலை விழுந்தது. அவர் அடுத்த முறை ஒரு ஏக்கருக்குப் பதிலாக அரை ஏக்கர் செய்தார். வீடு கட்ட நினைத்தவரையும் தோட்டக்காரரையும் எதுவும் இணைக்கவில்லை என்றே தோன்றும். இணைத்தது வட்டி வீதம்.

5. அமெரிக்காவில் நடந்தது

இது எமது நாட்டுக்கு மட்டும் வந்த சோதனையல்ல. உலகில் அதிகம் ஆராயப்பட்ட உதாரணம் ஐக்கிய அமெரிக்காவினுடையது.

1970களில் அங்கு விலைகள் தொடர்ந்து ஏறின. 1980 மார்ச் அளவில் பணவீக்கம் 14 சதவீதத்தைத் தாண்டியது. 1979இல் அந்த நாட்டு மத்திய வங்கியின் தலைவராக வந்த போல் வோல்க்கர், அந்த வருடம் ஒக்ரோபர் 6ஆம் திகதி பணத்தை இறுக்கும் கடுமையான திட்டத்தை அறிவித்தார். 1981இல் வங்கிகள் தமக்கிடையே ஒருநாள் கடனுக்குக் கொடுத்த வட்டியே 19 சதவீதத்தைத் தாண்டியது.

பலன் கிடைத்தது. 1983இல் பணவீக்கம் 3 சதவீத அளவுக்கு இறங்கியது. ஆனால் 1982இன் இறுதியில் வேலையற்றோர் வீதம் 10.8 சதவீதமாயிற்று. 1930களின் பெருமந்தத்துக்குப் பின்னர் அந்த நாடு அதுவரை கண்டிராத அளவு அது. வீடு கட்டும் ஒப்பந்தக்காரர்கள் விற்க முடியாத மரத்துண்டுகளை வோல்க்கருக்குத் தபாலில் அனுப்பினார்கள். விவசாயிகள் உழவு இயந்திரங்களில் வந்து மத்திய வங்கிக் கட்டடத்தை மறித்தார்கள்.

விவசாயிகளுக்கு ஏன் அத்தனை கோபம்? விலைகள் ஏறிய காலத்தில் நிலத்தின் விலையும் ஏறியது. அதனை நம்பிப் பெருங்கடன் பட்டு நிலம் வாங்கினார்கள். பின்னர் வட்டி ஏறியது. விளைபொருள் விலை விழுந்தது. நிலத்தின் விலையும் விழுந்தது. அயோவா மாநிலத்தில் 1981க்கும் 1986க்கும் இடையில் விவசாய நிலத்தின் விலை 60 சதவீதத்துக்கு மேல் வீழ்ந்தது. கடன் மட்டும் வீழவில்லை. தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்தை ஏலத்தில் விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல. அங்கு குண்டு விழவில்லை. ஆனாலும் அந்த மக்களும் ஊரை விட்டுப் போனார்கள்.

அந்த வட்டியின் சுமை அமெரிக்காவோடு நிற்கவில்லை. டொலரில் கடன் வாங்கியிருந்த ஏழை நாடுகளின் வட்டியும் ஏறியது. 1982 ஓகஸ்டில் மெக்சிக்கோ தனது கடனைச் செலுத்த முடியாது என்று அறிவித்தது. அதைத் தொடர்ந்து இலத்தீன் அமெரிக்க நாடுகள் பல ஒரு தசாப்தத்தையே இழந்தன.

6. தியாக விகிதம்

இந்த இழப்பை அளப்பதற்குப் பொருளியலாளர்கள் ஓர் அளவுகோலை வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் தியாக விகிதம். பணவீக்கத்தை ஒரு சதவீதப் புள்ளியால் குறைக்க, ஒரு வருட உற்பத்தியில் எத்தனை சதவீதத்தை இழக்க வேண்டியிருந்தது என்பதே அது.

1978இல் ஆதர் ஓகன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர், அக்காலத்தில் பலர் செய்திருந்த கணிப்புகளைத் தொகுத்துப் பார்த்தார். ஒரு புள்ளிக்கு 6 முதல் 18 சதவீதம் வரை, சராசரியாக 10 சதவீத உற்பத்தி போகும் என்று அவை காட்டின. வோல்க்கர் காலத்தில் உண்மையில் நடந்தது அதைவிடக் குறைவு. ஒரு புள்ளிக்கு ஏறக்குறைய 2 அல்லது 3 சதவீதம் என்று பின்னர் கணக்கிட்டார்கள்.

ஏன் இடத்துக்கிடம் வேறுபடுகிறது? இதில் இரண்டு ஆய்வுகள் அறியத்தக்கவை. தோமஸ் சார்ஜென்ட் என்பவர், 1920களில் ஜேர்மனி, ஒஸ்திரியா, ஹங்கேரி, போலந்து ஆகிய நாடுகளில் பணம் வெறும் கடதாசியான கதையை 1982இல் ஆராய்ந்து எழுதினார். அந்த நாடுகளில் விலையேற்றம் திடீரென நின்றது. உற்பத்தி இழப்போ பலர் அஞ்சிய அளவுக்கு இல்லை. அரசாங்கம் இனிக் காசு அச்சடித்துச் செலவு செய்யாது என்று மக்கள் உண்மையாக நம்பினால், எதிர்பார்ப்பு விரைவில் மாறும் என்பது அவர் முடிவு. லோரன்ஸ் போல் என்பவர் 1990களில் பல நாடுகளை ஒப்பிட்டு, மெல்ல மெல்ல இறுக்குவதைவிட விரைந்து இறுக்குவதில் இழப்புக் குறைவு என்றும், சம்பளங்கள் நீண்டகால ஒப்பந்தங்களால் கட்டப்படாத நாடுகளில் இழப்புக் குறைவு என்றும் கண்டார். மெல்லச் செய்வதே மனிதாபிமானம் என்று வாதிடுவோரும் உண்டு. இந்த விவாதம் முடிந்துவிடவில்லை.

ஒரு சொல்லைப் பற்றி மட்டும் நாம் கேட்க வேண்டியிருக்கிறது. தியாகம் என்பது ஒருவர் தாமாக விரும்பிச் செய்வது. வேலை இழந்த மேசனிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. அவர் செய்தது தியாகமா, அவரிடமிருந்து எடுக்கப்பட்டதா?

7. எமது நாட்டின் கணக்கு

இனி இலங்கையின் கணக்கை நெல் மூடையில் பார்ப்போம். 2021இல் நாடு முழுவதும் உற்பத்தி செய்ததை 100 மூடை என்று வைத்துக்கொள்வோம். 2022இல் பொருளாதாரம் 7.3 சதவீதத்தால் சுருங்கியது: 92.7 மூடை. 2023இல் மேலும் 2.3 சதவீதம் சுருங்கியது: ஏறக்குறைய 90.6 மூடை. 2024இல் 5 சதவீதம் வளர்ந்தது: ஏறக்குறைய 95 மூடை. வளர்ச்சி என்று பத்திரிகைகள் எழுதிய அந்த ஆண்டிலும் 2021இன் அளவை நாடு எட்டவில்லை.

மூன்று ஆண்டுகளின் குறைவையும் கூட்டிப் பாருங்கள்: 7.3, 9.4, 5. மொத்தம் ஏறக்குறைய 22 மூடை. ஓராண்டு முழு விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இல்லாமற் போயிற்று. மூடை தானாக வளர்ந்திருக்க வேண்டிய அளவை இதில் நாம் சேர்க்கவில்லை.

பணவீக்கம் இறங்கியது ஏறக்குறைய 68 புள்ளிகள். 22ஐ 68ஆல் பிரித்தால் புள்ளிக்கு மூன்றில் ஒரு பங்கு சதவீதமே வருகிறது. அமெரிக்கக் கணக்கைவிட மிகக் குறைவு. விலையேற்றம் மிக உச்சத்தில் இருக்கும்போது அதனை இறக்கும் இழப்பு ஒவ்வொரு புள்ளிக்கும் குறைவாக இருக்கும் என்ற கருத்தோடு இது பொருந்துகிறது. ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் தேவை.

முதலாவது, அந்த 22 மூடையும் வட்டியால் மட்டும் போனதல்ல. டொலர் இல்லாமல் எரிபொருள் வரவில்லை, மின்சாரம் மணிக்கணக்கில் நின்றது, மூலப்பொருள் இறக்குமதி தடைப்பட்டது, பசளை இல்லை. வட்டி உயராமல் இருந்திருந்தாலும் ஒரு பகுதி போயிருக்கும். அதேபோல விலையின் வேகம் தணிந்ததும் வட்டியால் மட்டுமல்ல. உலகச் சந்தையில் விலைகள் இறங்கின; 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் ஏறக்குறைய 3 பில்லியன் டொலர் உதவி அங்கீகரிக்கப்பட்டு, ரூபா ஓரளவு நிமிர்ந்தது.

இரண்டாவது, சராசரி யாருடைய வீட்டையும் காட்டாது. கைத்தொழில்துறை 2022இல் ஏறக்குறைய 16 சதவீதமும், 2023இல் ஏறக்குறைய 9 சதவீதமும் சுருங்கியது. கட்டட நிர்மாணம் 2022இல் மட்டும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்கியது. அந்தத் தாயின் கணவர் வேலை செய்த துறை அதுதான். உலக வங்கியின் மதிப்பீட்டின்படி வறுமைக்கோட்டுக்குக் கீழ் வாழ்பவர்கள் 2021இல் நூற்றுக்கு 13 பேர். 2022இல் 25 பேர். மூடை நூற்றுக்கு ஏறக்குறைய ஏழு குறைந்தபோது ஏழைகள் ஏறக்குறைய இரட்டிப்பானார்கள்.

8. அடக்காமல் விட்டிருக்கலாமா?

இவ்வளவையும் கேட்டபின், வட்டியை உயர்த்தியதே பிழை என்று சிலர் சொல்லக்கூடும். நாம் அப்படிச் சொல்லத் துணியமாட்டோம்.

2022 செப்ரெம்பரில் உணவுப் பொருட்களின் பணவீக்கம் மட்டும் 95 சதவீத அளவில் இருந்தது. நாட்கூலிக்காரரின் வருமானம் ஏறக்குறைய முழுவதும் உணவுக்கே போகிறது. கூலி ஏறுவதற்கு முன் அரிசி ஏறிவிடும். வீடும் காணியும் கட்டடமும் வைத்திருப்பவரின் சொத்து விலையோடு சேர்ந்து ஏறுகிறது. தகரப்பெட்டியில் நோட்டாகச் சேமித்த விதவைத் தாயின் சேமிப்போ கரைகிறது. பணவீக்கமும் ஏழையிடமிருந்து அறவிடப்படும் ஒரு வரிதான். பற்றுச்சீட்டு இல்லாத வரி. அதனை நீடிக்க விடுவது ஏழைக்குச் செய்யும் நன்மையாகாது.

ஆகவே கேள்வி அடக்குவதா விடுவதா என்பதல்ல. அடக்குகின்ற சுமை எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதே. துருசை மூடத்தான் வேண்டும் என்றால், கடைசி வயலுக்கு ஒரு முறைத் தண்ணீராவது விட ஏற்பாடு இருந்ததா? விதை நெல்லுக்கும் பசளைக்குமான சிறுகடன் தனியாகக் காக்கப்பட்டதா? நிவாரணம் வேலை போன மாதத்தில் வந்ததா, போய் ஒரு வருடத்தின் பின் வந்ததா? அஸ்வெசும கொடுப்பனவுத் திட்டம் 2023 யூலையில்தான் தொடங்கியது. விலையேற்றம் உச்சத்துக்குச் சென்றது அதற்குப் பத்து மாதங்களுக்கு முன்னர்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம், அரசாங்கத்துக்காகக் காசு அச்சடிப்பதைத் தடை செய்கிறது. அச்சட்டத்தின் கீழ் பணவீக்கத்தை 5 சதவீத அளவில் வைத்திருப்பது இலக்காகக் கொள்ளப்பட்டது. இது நல்ல வேலி. வேலி முன்பே இருந்திருந்தால், பின்னர் துருசை இத்தனை இறுக்கமாக மூட வேண்டி வந்திராது. வருமுன் காக்கும் செலவு எப்போதும் சிறியது.

9. எமக்குரிய பாடம்: கடனின் மறைவான பாரம்

மத்திய வங்கியின் முடிவு எமது கையில் இல்லை. ஆனால் கடன் பத்திரத்தில் கையொப்பமிடும் விரல் எம்முடையது. ஆகவே இந்தக் கணக்கைக் குழுவில் உள்ள எல்லாரும் ஒரு முறை தாமே செய்து பார்க்க வேண்டும்.

ஒருவர் 28 சதவீத வட்டிக்கு ஒரு வருடத்துக்கு 100,000 ரூபா கடன் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்று ஒரு மூடை நெல் 5,000 ரூபா. அவர் வாங்கியது 20 மூடைக் கடன். வருட முடிவில் கட்ட வேண்டியது 128,000 ரூபா.

விலை தொடர்ந்து ஏறி மூடை 7,500 ரூபாவானால், 17 மூடை விற்றால் கடன் ஏறக்குறைய முடியும். வாங்கியதைவிடக் குறைவு.
விலை ஏறாமல் 5,000 ரூபாவிலேயே நின்றால், 26 மூடை வேண்டும்.
சந்தை மந்தமாகி மூடை 4,000 ரூபாவுக்கு விழுந்தால், 32 மூடை வேண்டும்.

வட்டி ஒன்றுதான், பத்திரம் ஒன்றுதான். பணவீக்கம் தணிந்ததால் கடன் 17 மூடையிலிருந்து 32 மூடையாகக் கனத்துவிட்டது. அயோவா விவசாயியை நிலத்தை விட்டு எழுப்பியதும் இந்தக் கணக்கே. விலையேற்றம் உச்சத்தில் இருக்கும்போது, “எல்லாம் ஏறுது, நெல்லும் ஏறும்” என்ற நம்பிக்கையில் உயர்ந்த வட்டிக்கு நீண்டகாலக் கடன் எடுப்பது மிகவும் ஆபத்தானது. விலை தணியப்போகும் காலம் அது.

இதிலிருந்து சில நடைமுறை முடிவுகளை எடுக்கலாம்.

(அ) கடன் எடுக்கும்போது வட்டி நிலையானதா, மாறுவதா என்று கேளுங்கள். வட்டி உச்சத்தில் உள்ள காலத்தில் எடுக்க நேர்ந்தால், ஒரு போகத்தோடு முடியும் சிறிய கடனாக எடுங்கள்.

(ஆ) நாட்டில் வட்டி இறங்கிய பின்னரும் பழைய வட்டியையே கட்டிக்கொண்டிருப்பவர்கள் பலர். 28க்கு அடகு வைத்த நகையை மீட்டு, குறைந்த வட்டிக்கு மாற்றி வைக்க முடியுமா என்று விசாரியுங்கள். ஒரு கிராமத்தில் நாம் பார்த்தபோது, பன்னிரண்டு பேரில் ஒருவர்கூட அதனைக் கேட்டிருக்கவில்லை. கேட்கலாம் என்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவர்களும் சொல்லவில்லை.

(இ) தனியாகப் போனால் கடைசி வயல். சேமிப்புக் குழுவாகப் போனால் வாய்க்காலில் ஒரு மதகு. குழுவின் பொதுப்பணத்தில் ஒரு பகுதியை விதைக்கடனுக்கென்றே ஒதுக்கி, வெளியில் துருசு மூடப்படும் காலத்தில் உள்ளே திறந்து விடுங்கள்.

(ஈ) விதை நெல்லையும் வித்து வெங்காயத்தையும் கையில் வைத்திருங்கள். விலை ஏறினாலும் இறங்கினாலும் முளைக்கும் சேமிப்பு அது.

அந்தத் தாய்க்கு இப்போது விடை சொல்ல முடியும். அம்மா, குறைந்தது விலை ஏறும் வேகம். அதைக் குறைப்பதற்காக நாடு இழந்தவற்றில் உங்கள் கணவரின் மேசன் வேலையும் ஒன்று. அந்த இழப்பு கணக்குப் புத்தகத்தில் ஒரு தசமமாக எழுதப்பட்டிருக்கிறது. அது ஒரு வீட்டின் அடுப்பு என்பதை நீங்கள் எழுந்து கேட்டிராவிட்டால், அன்று அந்தக் கூட்டத்தில் இருந்த நாமும் மறந்திருப்போம்.

குழுக் கலந்துரையாடலுக்கு

1. 2022, 2023ஆம் ஆண்டுகளில் எமது கிராமத்தில் முதலில் நின்ற வேலை எது? அது நின்றதால் அடுத்து எது நின்றது? சங்கிலியை ஒரு தாளில் வரைந்து பாருங்கள்.

2. எமது குழுவில் உள்ளவர்கள் இன்று கட்டும் கடன்களின் வட்டி வீதங்களை எழுதுங்கள். எது எந்த ஆண்டில் எடுத்தது? எதனைக் குறைந்த வட்டிக்கு மாற்றலாம்?

3. மேலே சொன்ன 28 சதவீதக் கணக்கை உங்கள் விளைபொருளுக்கு, மிளகாய்க்கோ வெங்காயத்துக்கோ உழுந்துக்கோ செய்து பாருங்கள். எந்த விலைக்குக் கீழே போனால் கடனை அடைக்க முடியாது?

4. மீண்டும் ஒரு முறை துருசு மூடப்பட்டால், கடைசி வயலுக்காக எமது கிராமம் யாரிடம், என்ன கேட்க வேண்டும்?